பற்றாக்குறை வருடத்துக்கு என்ன கணக்கு?

காவிரிச் செய்தி வந்தாலே டிவியில் இரண்டு பக்கமும் கத்துகிறார்கள். ஆனால் யாருக்கு எவ்வளவு என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். 2007-ல் காவிரி நடுவர் மன்றம் மொத்தம் 740 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி) என்று வைத்துப் பங்கு போட்டது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தர வேண்டிய நீரை 192-லிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. அந்த 14.75-ல் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. நமக்கு வருத்தம்தான், சரி, தீர்ப்பு தீர்ப்புதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த எண்கள் எல்லாம் வழக்கமான மழை பெய்கிற வருடத்துக்கானவை. தென்மேற்குப் பருவமழை குடகில் ஏமாற்றினால் என்ன செய்வது? பற்றாக்குறையையும் பங்கு விகிதப்படி பிரித்துக்கொள்ளுங்கள் என்றது நடுவர் மன்றம். சொல்வது சுலபம். எந்தத் தேதி வரை வந்த நீரைக் கணக்கில் எடுப்பது, எந்தெந்த அணைகளைச் சேர்ப்பது? ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை.

அதற்குள் பயிர் காத்திருக்குமா? ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால்தான் டெல்டாவில் குறுவை நெல். ஜூலை, ஆகஸ்ட் தண்ணீர் அக்டோபரில் வந்தால் வருடக் கணக்கு நேராகிவிடும், கருகிய நாற்று நேராகாது. நல்ல மழை வருடத்தில் உபரி தானாகவே வந்துவிடுகிறது, அப்போது யாரும் இதைப் பேசுவதில்லை (நாமும்தான்). பற்றாக்குறைக் கணக்கை உட்கார்ந்து எழுத வேண்டியது அந்த வருடத்தில்தான். அணை காய்ந்த பிறகு எந்த முதல்வரால் விட்டுக்கொடுக்க முடியும்?