கடல் தாண்டிய வடை

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான இந்த ரீயூனியனில் வடைக்குப் பெயர் 'போன்போன் பிமான்'. உளுத்தம்பருப்புக்குப் பதில் 'புவா டு காப்' என்கிற பெரிய வெள்ளை பீன்ஸ். கறிவேப்பிலை இடத்தில் கொம்பாவா எலுமிச்சைத் தோல். பெயர், பருப்பு, மணம் எல்லாம் மாறியும் நடு ஓட்டை மட்டும் போகவில்லை. மரபுப்பற்று என்று நினைக்காதீர்கள். ஓட்டை இல்லாவிட்டால் வெளியே சிவந்து உள்ளே பச்சை மாவாக நிற்கும்.

பீன்ஸை 12 மணி நேரம் ஊறவைத்து, தோலை ஒன்றுவிடாமல் உரித்து, தண்ணீர் விடாமல் அரைக்கணும். ஒரு கரண்டி தண்ணீர் கூடினாலும் எண்ணெயில் பிரிந்துவிடும்.

பக்கத்து மொரீஷியஸில் இதே வடை 'காத்தோ பிமான்'. கரகரவென்று அரைத்த பருப்பு, சின்ன உருண்டை. அளவு சிறிது, அதனால் ஓட்டை தேவைப்படவில்லை! வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துக் காலையிலேயே சாப்பிடுகிறார்கள். பர்மாவில் 'பயாஜோ', பிய்த்து மொஹிங்கா என்கிற மீன் நூடுல்ஸ் குழம்பில் போட்டுவிடுகிறார்கள்.