திருப்பித் தர வேண்டிய தேதி

மார்ச் 3, திங்கள்

பழைய பெட்டியைக் கிளறியபோது கோடு போட்ட நோட்டு ஒன்று கிடைத்தது. பதினோரு வயதில் நூலகப் புத்தகங்களைப் பார்த்து எழுதி வைத்தது. அட்டை பிய்ந்துவிட்டது, எழுத்து மங்கவில்லை. ஒரு கிணறு பற்றிய வர்ணனை மட்டும் இரண்டு பக்கம் போகிறது. கிணறு ஆழமானது என்று எங்குமே சொல்லவில்லை. பையன் ஒருவன் கல்லைப் போடுகிறான், சத்தத்துக்காகக் காத்திருக்கிறான், அதற்குள் அக்கா கூப்பிட்டுவிடுகிறாள். அப்புறம்தான் 'ளொக்' என்று கேட்கிறது. ராத்திரி அதை நாலு முறை படித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஏன் பார்த்து எழுதினேன்? பதினாலு நாளில் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். சொந்தப் புத்தகமாக இருந்தால் அடிக்கோடு போட்டுவிட்டுப் போயிருப்பேன். கையால் எழுதும்போதுதான் ஒரு வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்று தெரிந்தது.

அந்தப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். ஊதா மையில் வரிசையாக முத்திரைகள். ஒன்றில் இரண்டு தேதிகளுக்கு நடுவே ஒன்பது வருடம் இருந்தது. ஒன்பது வருடம் யாருமே தொடாத புத்தகத்தை அப்புறம் ஒருவர் எடுத்திருக்கிறார். யார் அவர்? ஏன் அன்றைக்கு? நான் முதன்முதலாக மனதுக்குள் உண்டாக்கிய கதாபாத்திரம் அவர்தான்.

மார்ச் 6, வியாழன்

சிறுவர் பகுதியை முடித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நாளில், நூலகர் அம்மா பெரியவர்களின் அலமாரிப் பக்கம் கையைக் காட்டி, "போய்ப் பாரு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று இரண்டு வருகின்றன. அவற்றைப் பல வருடம் கழித்துப் படித்தபோது அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. அன்று எடுத்ததில் பாதி புரியவில்லை. புரியாமல் படித்ததும் நல்லதுதான், சொற்களின் ஓசை மட்டுமாவது தங்கியது.

மார்ச் 9, ஞாயிறு

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1938-இல் பள்ளிப் படிப்பை முடித்தார். கல்லூரிக்குப் பணம் இல்லை. வாரம் மூன்று நாள் என்று பத்து வருடம் நூலகத்துக்குப் போனார். இதைப் படிக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். அதே நாட்டின் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டை நினைத்தால் அப்படி இருக்க முடிவதில்லை. 1920-களின் மெம்ஃபிஸ் நகரில் கறுப்பினத்தவருக்கு அவர் போன நூலகத்தில் புத்தகம் கிடையாது. வெள்ளைக்காரர் ஒருவரின் நூலக அட்டையை வாங்கிக்கொண்டு, அவர் எழுதியதுபோல் ஒரு சீட்டைத் தானே எழுதி, அவருக்காக எடுக்க வந்தவராக நின்றார். படிக்கத் தெரியாதவர்போல் நடிக்கவும் வேண்டியிருந்தது. எனக்குக் கதவு திறந்திருந்தது. அதை மறக்கக் கூடாது.

மார்ச் 12, புதன்

மூன்று வாரமாக நகராமல் கிடந்த சிறுகதையைக் கணினியை மூடிவிட்டு நோட்டில் கையால் எழுதிப் பார்த்தேன். இரண்டாம் பத்தியில் கை தானாக நின்றது. 'அவளுக்குத் தாங்க முடியாத துக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். கல்லும் இல்லை, சத்தமும் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் இப்போது ஒரு தம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கிறாள், ஏற்கெனவே கழுவிய தம்ளர்.