முன்னறையில் தொங்குபவர்

இன்று காலை பால்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைக் கீழே போட்டார். அரை லிட்டர் போச்சு. "டீச்சர்... சார் எங்கே?" என்றார், குரலே எழவில்லை. குளிக்கிறார் என்றேன். "அப்போ அது யாரு?"

அது வெட்சூட், கடலில் முக்குளிக்கப் போடுகிற ரப்பர் உடை. கறுப்பு, முழுக்கை, முழுக்கால், தலை மட்டும் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முன்னறை உத்தரத்தில் தொங்குகிறது. எங்கள் ஊட்டி காந்தலில் இந்த மே மாத மழைக்குக் கைக்குட்டையே மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். ரப்பர் மனிதன் எந்தக் காலத்தில் காய்வான்? வெயிலில் போடக்கூடாதாம், அடுப்புப் பக்கமும் காட்டக்கூடாதாம். எனக்குக்கூட இந்த வீட்டில் இத்தனை சலுகை கிடைத்ததில்லை.

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. மார்கழியில் 3 வாளி வெந்நீர் இல்லாமல் குளியலறைக் கதவைத் தொடமாட்டார். அந்த மனிதர் போன வருஷம் 52 வயதில் புதுச்சேரிக்குப் போய் ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முக்குளிப்பது, கற்றுக்கொண்டு வந்தார். இதற்கு முன் தேனீ, அதற்கும் முன் புல்லாங்குழல். தேனீக்கள் தாமாகவே போய்விட்டன. புல்லாங்குழலை நான் அனுப்பி வைத்தேன். இது போகிற மாதிரி தெரியவில்லை, தவணையில் வாங்கியிருக்கிறார்.

இந்தத் தடவை முக்குளிக்க அந்தமான். அங்கே அதற்கான சாமான் எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும். "அடுத்தவன் வாயில வச்சதை நான் வைக்கிறதா?" என்றார். யார் வீட்டுக்குப் போனாலும் என் காபியிலும் ஒரு வாய் குடிக்கிறவர் சொல்கிறார். நல்லவேளை, சிலிண்டரையும், மூழ்குவதற்காக உடம்பில் கட்டும் ஈயக்கட்டியையும் அங்கேயே தந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் சிலிண்டரையும் விமானத்தில் கொண்டுபோகலாமாம். காற்றை முழுக்க விட்டு, வால்வைக் கழற்றி, உள்ளே காலி என்று அதிகாரி கண்ணால் பார்க்கிற மாதிரி திறந்து வைக்க வேண்டுமாம். இதை அவர் ஏக்கத்தோடு சொன்னபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

விமானத்தில் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. மண்டியில் கேரட் மூட்டை போடும் தராசில் வைத்தோம். பெட்டி 19 கிலோ 400 கிராம். தராசுக்காரப் பையன் பழக்கதோஷத்தில் "கழிவு போக..." என்று ஆரம்பித்தான். கழிவு என்று முடிவானது என் புடவைகள். நாலு புடவை வெளியே, நீந்தக் காலில் மாட்டும் இரண்டு வாத்துக்கால் உள்ளே.

சீசன் இல்லையா, ஏறுகிறவர்களுக்குக் குன்னூர் வழி, இறங்குகிறவர்களுக்குக் கோத்தகிரி வழி. உலகமே குளிருக்காக மேலே வந்துகொண்டிருக்க, நாங்கள் மட்டும் கடலில் குளிக்கக் கீழே இறங்கினோம்.

விமான நிலையத்து விதி எளிது. கத்தி பெட்டியோடு விமானத்தின் வயிற்றுக்குள் போகவேண்டும், உதிரி லித்தியம் பாட்டரி நம்மோடு கைப்பையில் வரவேண்டும். பாட்டரி தீப்பிடித்தால் பக்கத்தில் ஆள் இருந்து அணைக்கவேண்டுமே, அதனால். இதை ஒரு மாதமாக எனக்குப் பாடம் நடத்தினார். பாட்டரியின் சக்தி எவ்வளவு வாட்-அவர் என்று கால்குலேட்டரில் பெருக்கிக் காட்டினார். 100 வரைக்கும் யாரையும் கேட்கவேண்டாம், நம்முடையது ஒவ்வொன்றும் 18.5-தான் என்றார். கடலுக்கடியில் அடிக்கும் டார்ச் தண்ணீரில்தான் சூடு தணியுமாம், வெளியே தானாக எரிந்தால் பையையே பொசுக்கிவிடுமாம், அதனால் பாட்டரியைக் கழற்றித் தனியே வைக்கவேண்டுமாம். கழற்றினார். முனைகளில் டேப் ஒட்டினார். ஒட்டி, பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்தார். கத்தியைக் கைப்பையில்.

முதலில் பெட்டியைத் திறக்கக் கூப்பிட்டார்கள். பேரை ஒலிபெருக்கியில் படித்த விதத்தில் நானே அது வேறு யாரோ என்று நினைத்தேன். பாட்டரியை வாங்கிக்கொண்டு வெற்றி வீரராகத் திரும்பினார். அடுத்து பாதுகாப்புச் சோதனை. கத்தி. "வலையில சிக்கினா அறுத்துக்கிட்டு வர்றதுக்குங்க" என்று தமிழில் விளக்கினார். அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அறுப்பது போல இவர் கழுத்துப் பக்கம் கையைக் காட்டியது நன்றாகப் புரிந்துவிட்டது. கத்தியோடு மறுபடி கவுண்டருக்கு ஓடினார். 26 வருஷத்தில் அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

திரும்பி வந்தால் ரெகுலேட்டர், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி. திரையில் குழாய் குழாயாகச் சுருண்டு கிடக்கிறது. "யே க்யா ஹை?" இவர் நிமிர்ந்து நின்று, "ஆக்டோபஸ்" என்றார். அதற்கு உண்மையிலேயே அப்படித்தான் பெயர். கூட வருகிறவனுக்குக் காற்று தீர்ந்துபோனால் கொடுப்பதற்காக மாட்டியிருக்கும் உபரி வாய்க்கு ஆக்டோபஸ் என்று பேர். ஆனால் அதைச் சொல்லவேண்டிய இடமா அது? அதிகாரி இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். இவர் உதவி செய்வதாக நினைத்து அதை வாயில் வைத்து இழுத்துக் காட்டினார். மறுமுனையில் மூடி போட்டிருந்ததை மறந்துவிட்டார். காற்று வரவில்லை. கண் பிதுங்கியது. வரிசையில் பின்னால் நின்ற குழந்தை அழ ஆரம்பித்தது.

கடைசியில் அவர்கள் பிடித்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. கைப்பையின் ஓரத்தில் ஒரு குப்பி நீலகிரித் தைலம். அத்தையின் வேலை. தண்ணிக்குள்ள போற பிள்ளைக்குச் சளி பிடிக்காதா? தீப்பிடிக்கிற எண்ணெய் என்று எடுத்து வைத்த அதிகாரி, மூடியைத் திறந்து ஒருமுறை மோந்துவிட்டு, இன்னொரு முறை மோந்துவிட்டு, "ஊட்டி?" என்றார். முதல் தடவையாகச் சிரித்தார். வர்க்கிப் பொட்டலம் கேள்வியில்லாமல் போனது.

கடலுக்குள் என்ன பார்த்தார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மாலை நேரமாகப் பார்த்துக் கேட்காதீர்கள், இரவுச் சாப்பாடும் போட்டு அனுப்பவேண்டி வரும்.

எனக்குச் சொல்ல வேண்டியது திரும்பி வந்த கதை. பல நாள் முக்குளித்தவர்கள் கடைசி முக்குளிப்புக்கு அப்புறம் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாதாம். ஆழத்தில் அழுத்தத்தால் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து கிடக்குமாம். அது வடிவதற்குள் உயரத்துக்குப் போனால், கோலி சோடா உடைத்த மாதிரி உள்ளே குமிழி கிளம்புமாம். அதனால் கடைசி நாள் முழுக்க மனிதர் கரையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மணிக்கட்டுக் கம்ப்யூட்டரில் தெரியும் குட்டி விமானப் படம் எப்போது மறையும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கரையில் பவளத் துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்தேன். "அதைக் கீழ போடு, சட்டப்படி குத்தம்" என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அப்போதுதான் எனக்கொரு சந்தேகம். "ஏங்க, விமானத்துக்குள்ள காத்து அடைச்சுத்தானே வச்சிருப்பாங்க? அப்புறம் என்ன பயம்?"

அடைத்தாலும், உள்ளே இருப்பது 8,000 அடி வரைக்கும் உயரமான மலையில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதானாம்.

"ஊட்டி எவ்வளவு?"

"7,350 சொச்சம்."

சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசவில்லை. தொட்டபெட்டா 8,650 அடி, அது விமானத்துக்கும் மேலே. அதுதான் கீழேயிருந்து வாங்கி வரும் சிப்ஸ் பாக்கெட் நம் வீட்டில் பலூனாக உப்பிக்கொள்கிறது. "அப்படின்னா கல்யாணம் ஆனதிலேர்ந்து என்னை விமானத்துலதான் வச்சிருக்கீங்க, ஜன்னல் சீட்டுகூட தராம" என்றேன். அவர் கவலை வேறு. ராமேஸ்வரத்தில் முக்குளித்துவிட்டு அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு நம் ஊருக்கு ஏறுகிறவனை யார் நிறுத்துவார்கள்?

யாரும் நிறுத்தமாட்டார்கள் என்று மலையேறும் சாவடியில் தெரிந்தது. டி.என். 43, நீலகிரி வண்டி, அதனால் வெளியூர் வண்டிகளிடம் கேட்கும் இ-பாஸ் கேள்வியில்லை. தண்ணீர் பாட்டில் இருக்கா என்று மட்டும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். டிக்கியில் வாத்துக்கால் கண்ணில் பட்டது.

"இதென்னம்மா, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கா?"

"இதுவரைக்கும் அப்படித்தான்" என்றேன். அதற்குள் இவர் கீழே இறங்கி, நைட்ரஜன் பற்றி அவருக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் 20 வண்டி.

இப்போது அது முன்னறையில் தொங்குகிறது. சொட்டுக்குக் கீழே குண்டான் வைத்திருக்கிறேன். உப்பும் பாசியுமாக ஒரு வாடை, அத்தை வேறொரு குப்பித் தைலம் எடுத்து அதன்மேல் தேய்த்துவிட்டார். தினம் விடியற்காலையில் கண்ணாடி போடாமல் அதைக் கடந்து போகும்போது, "பிள்ளை இளைச்சுட்டானே" என்று முணுமுணுக்கிறார்.

அவரைச் சொல்லி என்ன. நேற்று ராத்திரி கரண்ட் போன நேரத்தில் நானே அதனிடம், "தோசை ஆறுது, சாப்பிட வாங்க" என்றேன். பதில் இல்லை. வழக்கம்தானே என்று தட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டேன்.