தேக்குக் கதவுக்கு உப்புத்தாள் போடும்போது

ஸ்டெயின் எனும் மரச்சாயம் அடித்ததும் தேக்குக் கதவில் கறுப்புக் கறுப்பாகக் கோடு தெரிந்தால், உடனே பாலிஷைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு உப்புத்தாளில்தான் இருக்கும். 80-ஆம் நம்பர் போட்ட கையோடு 220-க்குத் தாவியிருப்பார்கள்.

தாளின் பின்புறம் உள்ள நம்பர் ஏற ஏறத் துகள் சிறுக்கும். பி80-இல் துகள் சுமார் 200 மைக்ரான், பி120-இல் 125, பி180-இல் 82, பி220-இல் 68. 80 உழுத பள்ளத்தின் அடிவரை 220 எட்டாது. மேட்டை மட்டும் மழுக்கும். தடவினால் வழவழவென்றுதான் இருக்கும். சாயம் அந்தப் பள்ளத்தில் தேங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் 80, 120, 180, கடைசியில் 220 என்றே போங்கள். நம்பர் மாற்றும் முன் பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கிறுக்கி, கிறுக்கல் மொத்தமும் போகும்வரை தேயுங்கள். டார்ச்சைப் பலகையோடு படுக்க வைத்து அடித்துப் பார்த்தால் மிச்சக் கீறல் தெரியும். இடையில் தூசியைத் துடைத்துவிட வேண்டும். உதிர்ந்த ஒரு 80-ஆம் நம்பர் துகள் போதும், 180-இன் வேலையைக் கெடுக்க.

மரத்துக்குப் பழுப்பு நிற அலுமினியம் ஆக்சைடு தாள் வாங்குங்கள். நனைத்துத் தேய்க்கும் கறுப்பு வாட்டர் பேப்பர் பூச்சுகளுக்கு நல்லது. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்த தாள் வெட்டாது, மரத்தை மினுக்கும். மினுங்கிய இடத்தில் சாயம் ஏறாமல் திட்டாக நிற்கும். தாளில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சமதளத்தில் வெறும் கையால் தேய்க்கவே கூடாது. விரல் அழுந்தும் இடத்தில் மரத்தின் மெத்தென்ற பகுதி குழிந்துவிடும். 9-க்கு 11 அங்குலத் தாளை நான்காகக் கிழித்தால் நாலரைக்கு ஐந்தரை வரும். நாலரை அங்குல நீளம், இரண்டே முக்கால் அகலத்தில் ஒரு கட்டை அறுத்து, அடியில் 5 மில்லிமீட்டர் கார்க் ஒட்டுங்கள். தாளைச் சுற்றினால் இரு பக்கமும் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும்; பிடிக்க அது போதும். வளைந்த வேலைப்பாட்டுக்குப் பழைய ரப்பர் செருப்பின் துண்டு அருமையாக வளைந்து கொடுக்கும்.

பலரும் சறுக்குவது சட்டங்கள் சேரும் மூலையில்தான். முதலில் நடுப்பலகை, அடுத்து குறுக்குச் சட்டம், கடைசியாக நெடுஞ்சட்டம். குறுக்குச் சட்டத்தைத் தேய்க்கும்போது கட்டை இணைப்பைத் தாண்டி நெடுஞ்சட்டத்தில் கொஞ்சம் கீறத்தான் செய்யும். அங்கே அது மரத்தின் ரேகைக்குக் குறுக்கே விழுந்த கீறல். பிறகு நெடுஞ்சட்டத்தை மேலிருந்து கீழாக ரேகையோடு தேய்த்தால் அழிந்துவிடும். வரிசை மாறினால் அந்தக் கீறல் அப்படியே தங்கிவிடும். ஒவ்வொரு நம்பருக்கும் இதே வரிசைதான்.

பழைய பெயின்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை)த் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் அதிகம் இருக்கலாம்; அந்தத் தூசி குழந்தைகளுக்கு விஷம். நனைத்தே தேயுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வெறும் மரத்தூளுக்கும் நல்ல மாஸ்க் கட்டாயம்.

மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் அடித்துக் காய்ந்த பிறகு 320-ஆல் எடையே கொடுக்காமல் ஒரு தடவல். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அடுத்த கோட் அடிக்கலாம். பசையாகத் திரண்டு தாளில் ஒட்டினால் உள்ளே இன்னும் காயவில்லை. நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள்.