பூப்போட்ட தகரம்

17 வருடமாக ஃபால்ஸ் சீலிங் வேலை செய்கிறேன். கிருஷ்ணகிரிதான் ஊர். வேலை பழகியது பெங்களூரில், ஆபீஸ் கட்டடங்களில். ஜிப்சம் போர்டு, பிஓபி, இரண்டடிக்கு இரண்டடி கிரிட் என்று அண்ணாந்து பார்த்தபடியே பல வருடம் அங்கே போனது. அப்புறம் ஓசூர், சூளகிரி, பர்கூர் என்று இந்தப் பக்கமே வீட்டு வேலைகள் வர ஆரம்பித்ததும் ஊரோடு வந்துவிட்டேன். போட்ட சீலிங்கில் பாதி எந்த வீடு என்றுகூட இப்போது நினைவில்லை. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கல் வீட்டு ஹாலுக்குத் தகடு சீலிங் போட்டது மட்டும் ஒவ்வொரு ஆணியும் நினைவில் இருக்கிறது.

அந்த வீட்டுப் பையனுக்குப் பெங்களூரில் வேலை. போனில் படங்களை அனுப்பி, "அண்ணா, இதே மாதிரி எங்க வீட்டு ஹாலுக்குப் போடணும், முடியுமா?" என்று கேட்டார். அச்சில் அடித்துப் பூவேலை எழுப்பிய மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றும் இரண்டடிச் சதுரம், ஒன்றோடொன்று சேர்ந்து மேலே முழுக்கக் கோயில் விதானம் மாதிரி ஓடுகிறது. டின் சீலிங் என்று பெயரே தவிர, பெரும்பாலும் அது இரும்புத் தகடுதான், மேலே வெள்ளீயப் பூச்சு இருக்கும், சிலதில் அதுகூட இல்லாமல் வெறும் பெயின்ட். அமெரிக்காவில் 1880களிலிருந்து 1930கள் வரை கடைகளிலும் வீடுகளிலும் இதைத்தான் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பணக்கார வீடுகளில் கைவேலைக்காரர்கள் சாந்தில் செய்த பூவேலையை, அந்தக் கூலி கொடுக்க முடியாதவர்களும் தங்கள் வீட்டில் பார்க்க வந்த வழி இது. தீப்பிடிக்காது என்பதும் ஒரு காரணம்.

நான் முதன்முதலில் இதைப் பார்த்தது படத்தில் இல்லை, காரைக்குடிப் பக்கம் ஒரு வேலைக்குப் போனபோது. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும், பிரிட்டனிலிருந்து இந்தத் தகடுகளும் கப்பலில் வந்திருக்கின்றன. ஒரு வீட்டின் முகப்பில் அண்ணாந்து பார்த்தேன், பெயின்ட் உரிந்திருந்தது, ஆனால் ஒரு பூவின் இதழ்கூட மழுங்கவில்லை. அன்றிலிருந்து ஒரு தடவையாவது இந்த வேலை செய்துவிட வேண்டும் என்று ஆசை. அதனால் அந்தப் பையன் கேட்டதும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

அளவெடுக்கப் போன அன்று அவருடைய அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். என்ன போடப் போகிறோம் என்று பையன் சொன்னதும் அவர் முகம் மாறியது. மகன் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. பையன் வெளியே போன் பேசப் போன நேரம் பார்த்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தகரமா கண்ணு? கல்யாணம் ஆகி வந்து பன்னெண்டு வருஷம் தகரக் கொட்டாயிலதான் கெடந்தேன். மழை பேஞ்சா பக்கத்துல இருக்கறவங்க பேசறது கேக்காது. சித்திரை மாசம் கொழந்தைய உள்ள போட முடியாது, புளிய மரத்தடியில தூளி கட்டிப் போடுவேன். இந்தக் கல்லு வீட்ட வாங்கினதே தகரத்துல இருந்து தப்பிக்கத்தான்."

எங்கள் பக்கத்தில் சின்னச் சின்ன ஊர்களின் பெயரிலேயே கொட்டாய் இருக்கும். நானும் தகரக் கொட்டாயில் வளர்ந்தவன்தான். காற்றடிக்கும்போது மேலே வைத்த கல்லோடு சேர்ந்து தகரம் எழும்பும் பாருங்கள், அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் போய், இது அமெரிக்காவில் ஃபேஷன் என்று நான் என்ன சொல்ல முடியும்? வேலை வேண்டாம் என்று கிளம்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் பெங்களூரிலிருந்து சாம்பிளுக்கு ஒரே ஒரு தகடு வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி போய் அவர் மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்து வந்தார். கல்யாணத்துக்கு அவர் அப்பா வாங்கிக் கொடுத்ததாம். மூடியில் பச்சைப் பெயின்ட் மங்கி, தகரத்தில் எழும்பிய ஒரு தாமரை. "இதே மாதிரிதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை. சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை மட்டும் கேட்டார்: "மழைச் சத்தம் கேக்காதே?" மேலே கல் இருக்கிறது, மழை கல்லில்தான் விழும், தகடு உள்ளே சும்மா தொங்கும், கேட்காது என்றேன்.

இங்கே கல் வீடு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் மாவட்டம் கருங்கல்லுக்குப் பேர்போனது. பழைய வீடுகளில் மேலே காங்கிரீட் இருக்காது, நீளமான கருங்கல் பலகைகளைச் சுவருக்குச் சுவர் வரிசையாகப் பாவி, இடுக்குகளைச் சாந்தால் அடைத்திருப்பார்கள். உள்ளே குளுகுளு என்று இருக்கும், ஆனால் அந்த இடுக்குகளில்தான் தொல்லை, சாந்து விட்டுப் போனால் ஐப்பசி மழையில் சொட்டும். நான் வழக்கம்போல மேலே டிரில் போட்டு ஃபாஸ்டனர் இறக்கி ஃபிரேம் தொங்கவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நல்லவேளை, தெருவில் இருந்த ஒரு வயதான கல் மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "பலகையோட அடிப்பக்கத்தத் தொடாதே தம்பி" என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். கல் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையை அந்த அளவுக்குத் தாங்காது. இரண்டு முனையும் சுவரில் உட்கார்ந்திருக்கும் பலகைக்கு இழுவை முழுக்க அடிப்பக்கத்தில்தான். அங்கே ஓட்டை போட்டால் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பும். சுத்தியல் டிரில்லின் அதிர்வு வேறு. அதனால் கல்லையே தொடாமல், சுவருக்குச் சுவர் பாக்ஸ் பைப் ஓட்டி, அதற்குக் குறுக்கே அடிக்கு ஒன்றாக ரீப்பர் கட்டை முடுக்கினேன். அடிக்கு ஒன்று என்பது முக்கியம். தகடு இரண்டடி, இரண்டு ஓரத்துக்கும் ரீப்பர் வேண்டும், நடுவிலும் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் தொய்யும். மொட்டை மாடியில் ஏறி இடுக்குகளை எல்லாம் கொத்திச் சாந்து வைத்த பிறகுதான் கீழே கை வைத்தோம். மேலிருந்து ஒரு சொட்டு வந்தாலும் தகடு முதுகுப் பக்கமிருந்து துருப்பிடிக்கும், கீழே தெரியும்போது வேலை முடிந்திருக்கும்.

அப்புறம்தான் பெரிய தப்பைச் செய்தேன். ஜிப்சம் வேலையில் சுவரோரத்திலிருந்துதான் ஆரம்பிப்போம், கோணல் இருந்தால் பட்டி வைத்துத் தேய்த்து மறைத்துவிடலாம், போர்டில் படமா இருக்கிறது? அதே பழக்கத்தில் வாசல் சுவரிலிருந்து தகடு அடித்துக்கொண்டே போனேன். மூன்றாவது வரிசையில் உதவிக்கு இருந்த பையன், "அண்ணா, பூ சாயுது" என்றான். இறங்கி நின்று பார்த்தேன். பூ சாயவில்லை, சுவர்தான் சாய்ந்திருக்கிறது. பழைய மண் சுவர், ஹாலின் ஒரு முனையில் அகலம் 11 அடி, மறுமுனையில் 10 அடி 8 அங்குலம். அப்படியே போயிருந்தால் கடைசி வரிசையில் ஒரு மூலையில் அரைப் பூவும் மறு மூலையில் வெறும் இதழ் நுனியும்தான் வந்திருக்கும். மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கியது என் குற்றம். அடித்திருந்த 9 தகட்டையும் கழற்றினோம். அதில் இரண்டு வளைந்தே போய்விட்டன, ஓரத்துக்கு வெட்டிப் பயன்படுத்திக்கொண்டேன்.

மறுநாள் ஹாலின் மையத்தைக் கண்டுபிடித்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கலர் நூல் அடித்து, அந்தச் சிலுவையில் முதல் தகட்டை வைத்து வெளியே நோக்கி வந்தோம். சுவரோரத்தில் பூவில்லாத வெறும் பட்டை, அதற்கு வெளியே, சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தை மூடுகிற வளைந்த கார்னிஸ். கோணல் முழுவதையும் அந்தப் பட்டை வாங்கிக்கொண்டது. கண் பூவைத்தான் எண்ணும், பட்டையின் அகலத்தை யாரும் எண்ணுவதில்லை. இன்னொன்றும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். தகடுகள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அந்த விளிம்பு வாசலைப் பார்த்து இருந்தால் உள்ளே வருகிறவர் கண்ணில் கோடு கோடாகப் படும். மேலேறும் தகட்டின் விளிம்பை வாசலுக்கு எதிர்ப்பக்கமாக விட்டால் தெரியாது. ஆணி அடிப்பதிலும் அவசரம் கூடாது. தகடு 0.3 மில்லிமீட்டர் அளவுதான், சுத்தியல் கொஞ்சம் விலகினால் இதழ் அமுங்கிவிடும், அமுங்கியதைத் திரும்ப எழுப்பவே முடியாது. விளிம்பில் ஓடும் உருண்டைக் கோட்டிலேயே ஆணியை வைத்து, நெயில் பஞ்ச் என்கிற சின்ன இரும்புக் கம்பியை ஆணித் தலையில் வைத்துக் கடைசித் தட்டுத் தட்ட வேண்டும்.

ஃபேன் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். கல் வீட்டில் ஃபேன் கொக்கி பழைய இரும்பு உத்தரத்தில் இருந்தது. ராடு வரும் இடத்தில் தகட்டைப் பெரிதாக வட்டம் வெட்டி, ராடு எங்கேயும் தொடாமல் விட்டேன். தொட்டால் ஃபேன் போடும்போதெல்லாம் முழு சீலிங்கும் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர மண்டபத்தில் 1880களின் கடைசியில் இதே வகைத் தகடுதான் போட்டார்கள், துத்தநாகத்தில், வுண்டர்லிக் என்ற கம்பெனி. அங்கே ஆர்கன் என்ற பிரம்மாண்டமான குழல் வாத்தியம் ஒன்று வைக்கப் போகிறார்கள், அதன் அடிக்குரல் அதிர்வில் சாந்துப் பூவேலை உதிர்ந்து தலையில் விழும் என்ற பயம்தான் காரணம். அந்த அதிர்வையே தாங்கிய தகடுக்கு நம் ஃபேன் ஒரு பொருட்டில்லை, ஒழுங்காக முடுக்கியிருந்தால். எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: மேலே போகிற எல்லா ஒயரும் பைப்புக்குள்ளேதான் போக வேண்டும், லைட்டுக்கு வெட்டிய ஓட்டையின் விளிம்பில் ஒயர் உரசக்கூடாது, எர்த் இல்லாமல் ஒரு பாயின்ட்கூடக் கொடுக்கக்கூடாது. மேலே முழுக்க இரும்பு, அடியில் குழந்தைகள் விளையாடுகிற வீடு.

எல்லாம் முடிந்து வெள்ளைப் பெயின்ட் அடித்து, அந்த அம்மா சாம்பிராணி காட்டி, கேசரி செய்து கொடுத்து அனுப்பினார். மூன்று வாரம் கழித்து போன். போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சீலிங்கில் கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையும் தெளிவாக, பழுப்பு நிறத்தில், ஏழெட்டு இடத்தில். வைகாசி வெயிலில் வேலை செய்தோம், தகடு வெட்டும்போது கிளவுஸ் போட்டோம், மேலே தூக்கிப் பிடிக்கும்போது புழுக்கம் தாங்காமல் கழற்றிவிட்டோம். வியர்வையின் உப்பு தகட்டிலேயே இருந்திருக்கிறது. அதன்மேல் பெயின்டர், பெயின்டுக்கு முன்னால் அடிக்கிற பிரைமரைத் தண்ணீரில் கலக்குகிற வகையில் வாங்கி அடித்திருக்கிறார். எது வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று தகடு விற்ற கடையில் சொன்னதை நம்பினேன், விசாரிக்காதது என் தப்பு. இரும்பின் மேல் உப்பும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த அம்மா திட்டவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "இது யாரு கை?" என்று கேட்டார். பெரியது என்னுடையது, சின்னது உதவிக்கு வந்த பையனுடையது என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை செய்கிறவன் கை தெரியாமல் இருப்பதுதான் சீலிங் வேலை, அப்படித்தான் நான் பழகியிருக்கிறேன், அங்கே என் கை ரேகையோடு நிற்கிறது. சாரத்தை மறுபடி கட்டினோம். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, ஒவ்வொரு இதழின் பள்ளத்திலும் பழைய பிரஷ்ஷை விட்டு எடுத்து, தின்னரில் துடைத்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, மேலே எனாமல். வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு கோட். ஆறு நாள், என் கைக்காசு. இந்தத் தடவை யாரும் வெறுங்கையால் தொடவில்லை. அதற்குப் பிறகு வந்த மூன்று தகடு வேலைக்கும் தகட்டைக் கீழே பரப்பி வைத்து, முன்னும் பின்னும் மெட்டல் பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகுதான் மேலே ஏற்றுகிறேன்.

மூலையில் ஒரு தகட்டை மட்டும் ஆணி அடிக்காமல் ஸ்குரூ போட்டு வைத்திருந்தேன், கல் இடுக்கைப் பார்ப்பதற்காக. ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்ததும் நானே போனேன். ஏணி போட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். இடுக்கு காய்ந்திருந்தது, தகட்டின் முதுகில் ஒரு பொட்டுத் துரு இல்லை. கீழே அந்த அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேல எப்படி இருக்கு கண்ணு?"

"காஞ்சிருக்குதும்மா. மழையில சத்தம் கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல. தூங்கிட்டேன்" என்றார்.

ஸ்குரூவை முடுக்கிவிட்டு இறங்கினேன்.