இரண்டு ஆல்பங்களுக்கு நடுவே ஹாம்பர்க்

2025 ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், ரயிலில் மூன்று நிறுத்தங்கள் தள்ளிப் போய் இறங்கி, ஒரு சிறிய இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்தேன். ஜெர்மனியின் மெட்டல் இசைக்குழுவான ஹெலோவீனின் 'ஜயண்ட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' ஆல்பம் அன்றுதான் வெளியாகியிருந்தது. நள்ளிரவு முதலே அதைக் கைபேசியில் கேட்க முடிந்தது என்றாலும், அந்தக் குழு பிறந்த ஊரான ஹாம்பர்கில், அதன் புதிய ஆல்பத்தை வெளியான நாளன்றே கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று எண்ணிக் காலையிலிருந்து கைபேசியைத் தொடாமல் இருந்தேன். கடைக்காரர் சிடி வேண்டுமா, வினைல் வேண்டுமா என்று ஜெர்மனில் கேட்டார். இரண்டு சிடி வேண்டும், ஒன்று ஊரில் இருக்கும் என் அண்ணனுக்கு என்று ஜெர்மனிலேயே சொன்னேன். இந்தச் சிறு வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்ல எனக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

திருச்சியில் தமிழ்வழிப் பள்ளியில் நான் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, பொறியியல் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் 90 நிமிடக் கேசட் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் ஒரு பக்கத்தில் 1987-இல் வந்த ஹெலோவீனின் 'கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்' முதல் பாகமும், மறுபக்கத்தில் 1988-இல் வந்த இரண்டாம் பாகமும் பதிவாகியிருந்தன. இரண்டாம் பாகம் ஒரு பக்கத்துக்குள் அடங்காத நீளம் கொண்டது. அதனால் பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் ஓடும் அதன் கடைசிப் பாடல் முடிவதற்குள் நாடா தீர்ந்துவிடும். அந்தப் பாடலின் முடிவைப் பல ஆண்டுகளுக்குப் பிறகே கேட்டேன். பவர் மெட்டல் என்ற அந்த இசைவகையின் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு கால்களாலும் இடைவிடாமல் மிதிக்கப்படும் டிரம்ஸும், ஒரே மெட்டை இரு வேறு சுருதிகளில் இணையாக வாசித்துக்கொண்டு போகும் இரண்டு கிட்டார்களும், அவற்றுக்கெல்லாம் மேலே ஏறி நின்று பாடும் ஒரு குரலுமே எனக்குத் தெரிந்தவை. முதல் பாகத்தைப் பதிவு செய்தபோது, அந்தக் குரலுக்குரிய மைக்கேல் கிஸ்கேவுக்குப் பதினெட்டு வயதுதான்.

அந்தப் பாடல்களின் வரிகளை அகராதியோடு உட்கார்ந்து எழுதி எழுதித்தான் நான் ஆங்கிலம் கற்றேன். என்னைப் போலவே பாடியவர்களும் அந்த மொழியைப் பள்ளியில் படித்துப் பெற்றவர்கள் என்பது அப்போது என் மனத்தில் உறைக்கவே இல்லை. ஹாம்பர்கில் 1984-இல் தொடங்கிய ஒரு குழு தன் தாய்மொழியை விட்டுவிட்டு, கடன் வாங்கிய மொழியில் பாடி உலகை எட்டியது. காவிரிக்கரையில் ஒரு பையன் அதே கடன் மொழியின் வழியாக அவர்களைக் கேட்டான். எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில்தான் நாங்கள் சந்தித்திருக்கிறோம் என்ற நினைவு, இந்த ஊருக்கு வந்த பிறகு எனக்குப் பெரிய துணையாக அமைந்தது.

நான் வந்து சேர்ந்தது 2020 அக்டோபரில். சரக்குக் கப்பல்களின் வருகையையும் கொள்கலன்களின் இடமாற்றத்தையும் கணக்கிடும் மென்பொருள் எழுதும் வேலை. வீடு கிடைத்துக் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் ஆன்மெல்டுங் எனப்படும் வசிப்பிடப் பதிவைச் செய்துவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டிய உறுதிக் கடிதத்தை எடுத்துச் செல்லாமல் அலுவலகத்துக்குப் போய் நின்றேன். எதிரே இருந்த பெண்மணி பொறுமையாகத்தான் விளக்கினார். எனக்குத்தான் ஒரு சொல்லும் வாயிலிருந்து எழவில்லை. சென்னையில் ஆறு மாதம் படித்து வைத்திருந்த ஜெர்மன் தொண்டைக்குழியிலேயே நின்றுவிட்டது. தவறாக உச்சரித்துவிடுவோம் என்ற கூச்சம் மட்டுமே அதற்குக் காரணம். அந்தக் கூச்சம் அடுத்த பல மாதங்களுக்கு என்னை விட்டு விலகவே இல்லை.

நவம்பர் தொடக்கத்தில் பெருந்தொற்றுக்கான கட்டுப்பாடுகள் வந்தன. டிசம்பர் நடுவில் பெரும்பாலான கடைகளும் மூடப்பட்டன. மாலை நான்கு மணிக்கே சூரியன் மறையும் பருவம் அது. அலுவலக வேலையும் மொழி வகுப்பும் ஒரே மேசையில், ஒரே திரையில் நடந்தன. கடை வாசலில் 'மொய்ன்' என்று வணக்கம் சொல்லும் இந்த ஊரின் வழக்கத்தைக்கூட நான் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் அதைச் சொல்வதற்கு மனிதர்கள் கண்ணில் படவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் ஓசை எழுப்பக் கூடாது என்பது இங்கே கண்டிப்பாகப் பின்பற்றப்படும் நெறி. ஆகவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய பாடல்களைக் கேட்பேன். எந்த ஊரின் பாடல்களோ அந்த ஊரிலேயே உட்கார்ந்து, அந்த ஊரைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

2021 ஏப்ரலில் ஹெலோவீனின் 'ஸ்கைஃபால்' என்ற பாடல் வெளிவந்தது. அது எனக்கு ஏன் அவ்வளவு பெரிய செய்தியாக இருந்தது என்பதைச் சொல்ல, அந்தக் குழுவின் கதையைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் முதல் ஆல்பத்தில் பாடியவருமான கை ஹான்சென் 1989-இல் விலகி, காமா ரே என்ற தனிக் குழுவைத் தொடங்கினார். கிஸ்கே 1993-இல் வெளியேற்றப்பட்டார். டிரம்ஸ் வாசித்த இங்கோ ஷ்விக்டன்பெர்க் மனநோயால் அவதியுற்றுக் குழுவை விட்டுப் பிரிந்து, 1995-இல் 29 வயதில் உயிரிழந்தார். கிஸ்கேயின் இடத்துக்கு, நாட்டின் தென்மேற்கே உள்ள கார்ல்ஸ்ரூ நகரத்திலிருந்து ஆண்டி டெரிஸ் வந்தார். 1994-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் தி ரிங்ஸ்' அவர் பாடிய முதல் ஹெலோவீன் ஆல்பம். இளைஞர்களாக இருந்த நானும் அண்ணனும் அவரை ஏற்கவில்லை. கிஸ்கே போல அவரால் பாட முடியவில்லை என்று எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்னொருவரின் குரலுக்கென்று கட்டப்பட்ட உயரங்களை, ஒவ்வொரு மேடையிலும் தன் கரகரப்பான குரலால் எட்டிப் பிடிக்க வேண்டிய நிலையில் அந்த மனிதர் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கிறார் என்பதை நான் உணர்ந்தது, நானே இன்னொருவர் ஊரில் வந்து நின்ற பிறகுதான்.

2016 இறுதியில், கிஸ்கேயும் ஹான்செனும் திரும்ப வருகிறார்கள் என்று குழு அறிவித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மெக்சிகோவில் அந்தச் சுற்றுப்பயணம் தொடங்கியது. பொதுவாக, பழைய பாடகர் திரும்பினால் புதியவர் இடத்தைக் காலி செய்துவிடுவார். இங்கே யாரும் போகவில்லை. வந்தவர்கள் வந்தார்கள், இருந்தவர்கள் இருந்தார்கள். மூன்று பாடகர்கள், மூன்று கிட்டார்கள் என்று ஏழு பேர் கொண்ட குழுவாக அது வளர்ந்தது. அந்த ஏழு பேரும் சேர்ந்து செய்த முதல் ஆல்பம் 2021 ஜூன் 18 அன்று குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு வந்தது. அதில் இப்போதைய டிரம்ஸ் கலைஞர் டானி லோப்லே வாசித்திருப்பது, காலம் சென்ற இங்கோ 'கீப்பர்' ஆல்பங்களில் வாசித்த அதே டிரம்ஸ். மறைந்தவருக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள் என்று அதைப் படித்த நாளில் நான் அண்ணனுக்கு எழுதினேன்.

'ஸ்கைஃபால்' முழு வடிவில் பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும். வேற்றுலகிலிருந்து பூமிக்கு வந்து, இங்குள்ளவர்களால் துரத்தப்படும் ஓர் உயிரைப் பற்றிய பாட்டு. என்னை இங்கே யாரும் துரத்தவில்லை. எனக்குக் கிடைத்த வேலையும் வீடும் பலருக்குக் கிடைக்காதவை என்பதை நான் அறிவேன். ஆனாலும் ஆள் நடமாட்டமில்லாத தெருவை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு அந்தப் பாடலைக் கேட்டபோது, வந்து இறங்கியவனின் திகைப்பு என்னவென்று எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஆல்பம் ஜெர்மனியின் விற்பனைப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது. குழுவின் வரலாற்றில் அதுவே முதன்முறை. தொடங்கி முப்பத்தேழு ஆண்டுகள் கழித்துச் சொந்த நாட்டில் முதலிடம்.

இலையுதிர் காலத்தில் மொழி வகுப்பு நேரில் நடக்கத் தொடங்கியது. பிடித்த ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். சிரியாவிலிருந்து வந்தவர் தன் தாத்தாவின் தோட்டத்தைப் பற்றிப் பேசினார், பிரேசில் நாட்டுப் பெண் தன் நாயைப் பற்றிப் பேசினார். நான் ஹெலோவீனைப் பற்றிப் பேசத் தயாரானேன். அதற்காக 1985-இல் வந்த 'வால்ஸ் ஆஃப் ஜெரிக்கோ' ஆல்பத்தை மறுபடி கேட்டபோதுதான் ஒன்று காதில் விழுந்தது. ஹான்செனின் ஆங்கிலத்தில் ஜெர்மன் கலந்திருந்தது. பல்லுக்கிடையில் நாக்கை நீட்டி ஒலிக்க வேண்டிய ஆங்கில ஒலிகளை அவர் தன் நாக்குக்கு வசமான விதத்தில் ஒலிக்கிறார். இத்தனை வருடங்கள் கேட்டும் என் காது அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதில்லை. அவர் உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டு வரட்டும் என்று உலகம் காத்திருக்கவும் இல்லை. அப்படியென்றால் நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று அன்றிரவு என்னையே கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் எழுந்து நின்று பேசினேன். 'ழ'கரமும் 'ற'கரமும் பழகிய நாக்கில் ஜெர்மன் எப்படி வருமோ அப்படி வந்தது. பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் 'டேர்', 'டீ', 'டாஸ்' என்ற மூன்று சொற்களையும் பலமுறை மாற்றிச் சொன்னேன். ஆனாலும் நிறுத்தவில்லை. ஆசிரியை இந்த ஊர்க்காரர், மெட்டல் இசை கேட்டுப் பழகாதவர். முடித்ததும் அவர் இலக்கணத்தைத் திருத்தவில்லை. ஹெலோவீனின் சின்னமான பூசணிக்காய் படம் போட்ட அந்த இசைத்தட்டுகள் சிறுவயதில் தன் அண்ணன் அறையில் இருந்தன என்றும், அவற்றைத் திருச்சியில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததே இல்லை என்றும் சொன்னார். வகுப்பு முடிந்தும் வாசலில் நின்று இருபது நிமிடம் பேசினோம், முழுக்க ஜெர்மனில். அடுத்த ஆண்டு கோடையில் பே-ஐன்ஸ் (B1) எனப்படும் இடைநிலை ஜெர்மன் மொழித் தேர்வில் தேறினேன்.

அதற்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் வேலை, விசா நீட்டிப்பு, வாடகை உயர்வு என்று எல்லோருக்கும் நடப்பவையே எனக்கும் நடந்தன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

புதிய ஆல்பத்துக்கு வருகிறேன். பத்துப் பாடல்கள். 2021 ஆல்பத்தில் சேர்ந்துவிட்டோம் என்ற பரவசம் பொங்கி வழிந்தது. யாருக்கு எவ்வளவு பங்கு என்ற அளவுபார்ப்பும் ஆங்காங்கே தெரிந்தது. இதில் அந்த அளவுபார்ப்பு இல்லை. 'ஜயண்ட்ஸ் ஆன் தி ரன்' தொடக்கத்திலேயே, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துக்கொண்டு போவது ஒரே வீட்டில் வளர்ந்தவர்களின் பேச்சைப் போல இருக்கிறது. 'திஸ் இஸ் டோக்கியோ' டெரிஸின் பாட்டு. ஜப்பான் இந்தக் குழுவைத் தொடக்கத்திலிருந்தே கொண்டாடிய நாடு, அந்த நன்றி அதில் நேரடியாகவே வெளிப்படுகிறது. என்னைப் பொறுத்தவரை அதன் மெட்டு கொஞ்சம் எளிதாக முடிந்துவிடுகிறது. எட்டு நிமிடங்களைத் தாண்டும் 'யுனிவர்ஸ்' ஆல்பத்தின் உச்சம் என்று தயங்காமல் சொல்வேன். 57 வயதில் கிஸ்கே அதில் தொடும் உயரங்களைக் கேட்டுவிட்டு மூன்று முறை திரும்ப ஓடவிட்டேன். எல்லாக் கருவிகளும் ஒரே உரப்பில் நெருக்கியடித்து நிற்பதால் மார்குஸ் குரோஸ்கோஃபின் பேஸ் கிட்டார் சில இடங்களில் புதைந்துபோகிறது. அது எனக்குக் குறையாகவே பட்டது, ஏனென்றால் 1984 முதல் இடைவிடாமல் குழுவில் இருப்பவர்கள் அவரும் கிட்டார் கலைஞர் மைக்கேல் வைகாத்தும் மட்டுமே.

ஆனால் நான் அதிகம் கேட்பது 'இண்டு தி சன்' என்ற மெதுவான பாடலைத்தான். டெரிஸும் கிஸ்கேயும் மாறி மாறிப் பாடுகிறார்கள். ஒருவர் குரல் கரகரப்பானது, மற்றவர் குரல் மணியோசை போன்றது. ஒன்று மற்றொன்றாக மாற முயலவில்லை. வெளியூரிலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக ஒப்பீட்டுக்கு ஆளான அந்த மனிதர், எவருடன் ஒப்பிடப்பட்டாரோ அவர் பக்கத்திலேயே நின்று, தன் குரலிலேயே பாடுகிறார்.

சனிக்கிழமை அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் இரவே கேட்டு முடித்திருந்தார்.

"டெரிஸ் நல்லாத்தான்டா பாடுறார், தம்பி. நாமதான் அவரை ரொம்பப் பேசிட்டோம்," என்றார்.

"ஆமாண்ணா. சிடி ஒண்ணு உங்களுக்கும் வாங்கியிருக்கேன், அனுப்புறேன்."

"இங்க சிடி போட எதுடா இருக்கு? சரி, அனுப்பு. அட்டையை வச்சுப் பார்த்துக்கறேன்."

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அஞ்சலகத்துக்குப் போனேன். அயல்நாட்டுப் பொதிக்கான சுங்கப் படிவத்தில் திருச்சி முகவரியை எழுதி, பொருள் விவரத்தில் ஒரு இசைத்தட்டு என்று ஜெர்மனில் நிரப்பினேன். படிவத்தைப் பார்த்த பணியாளர், என்ன இசை என்று நிமிர்ந்து கேட்டார். ஹெலோவீன், புதிய ஆல்பம், இந்த ஊர்க் குழுதான் என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், பதிலை மனத்துக்குள் ஒத்திகை பார்க்காமலே பேசியிருக்கிறேன் என்பது தெரிந்தது. அவர் முத்திரைச் சீட்டை ஒட்டி, பொதியைப் பின்னால் இருந்த கூடையில் வைத்தார்.