ஸ்லாலம்னா வளைஞ்சு போறதுன்னு அர்த்தம் இல்லைங்க

வின்டர் ஒலிம்பிக்ஸ்ல ஸ்லாலம் பாத்திருப்பீங்க, கால்ல ஸ்கீன்னு நீளமான பலகைய மாட்டிக்கிட்டு பனிச்சரிவுல வேகமா இறங்குற போட்டி. சிவப்பு, நீலம்னு மாத்தி மாத்தி கம்பு நட்டிருப்பாங்க, வர்றவங்க கம்ப ஒட்டி வளையுறப்போ முழங்காலுக்குக் கீழ மாட்டியிருக்கற பேடாலயே அதை அடிச்சுட்டுப் போவாங்க, அடில மடங்குற மாதிரி இருக்கறதால அது சட்டுனு பனில படுத்து அப்படியே எந்திரிச்சு நிக்கும். கார்காரங்களும் கம்புக்கு நடுவுல வளைச்சு ஓட்டுறத ஸ்லாலம்னுதான் சொல்றாங்க, அதனால வளைஞ்சு நெளிஞ்சு போறதுதான் அர்த்தம்னு ரொம்ப வருஷமா நெனச்சிருந்தேன்.

ஆனா அந்த வார்த்தைல வளைவே கிடையாது! நார்வேல டெலிமார்க் பக்கத்துப் பேச்சு அது. ‘ஸ்லா’ன்னா லேசா சரிஞ்ச மலைப்பக்கம், ‘லோம்’னா தடம். நம்ம மொழில சொன்னா சரிவுத் தடம், அவ்ளோதான். அதுவும் சின்னப் பசங்க பழகுற சுலபமான வழி. மேடு வந்து குதிக்க வேண்டிய தடத்துக்கு ஹொப்லோம், பாறை விளிம்புலேர்ந்து பாயுறதுக்கு உஃப்செலோம்னு தனித்தனியா பேர் வச்சிருந்தாங்க. தெனம் அந்த மலைல கால் வச்சு நடந்தவங்களுக்குத்தான் இப்படிப் பிரிச்சுப் பேர் வைக்கத் தோணும்.

அங்க மோர்கெடால்னு ஒரு ஊர், அதுல சோன்ட்ரே நோர்ஹெய்ம்னு ஒரு ஏழைக் குத்தகை விவசாயி, 1825ல பொறந்தவர். அதுவரைக்கும் பெரும்பாலும் ஸ்கீய கால் விரல் பக்கம் மட்டும் ஒரு வார்ல மாட்டிக்குவாங்க, குதிச்சா கழண்டு ஓடிரும். இவரு வில்லோ மரத்து இளங்குச்சிய முறுக்கி குதிகாலச் சுத்தியும் கட்டினாரு பாருங்க, அதுக்கப்புறம் காத்துல பாஞ்சாலும் திரும்பினாலும் ஸ்கீ காலோடயே வந்துச்சு. 1868ல கிறிஸ்டியானியா, அதாவது இப்போதைய ஆஸ்லோ, அங்க நடந்த போட்டிக்குப் போய் 42 வயசுல ஜெயிச்சாரு. ஸ்கீல திரும்புற விதங்களுக்கு டெலிமார்க் டர்ன், கிறிஸ்டியானியா டர்ன்னு ரெண்டு ஊர் பேரும் ஸ்கீயிங்ல அப்படியே ஒட்டிக்கிச்சு.

1922ல பிரிட்டிஷ்காரர் ஆர்னால்ட் லன் சுவிட்சர்லாந்துல ம்யூரன்ங்கற ஊர்ல கொடி நட்டு, அழகுக்கு மார்க் எல்லாம் கிடையாது, யாரு சீக்கிரம் வர்றாங்களோ அவங்கதான் ஜெயிப்புன்னு போட்டி வச்சாரு. இன்னைக்கு நாம பாக்கற ஸ்லாலம் அங்க ஆரம்பிச்சதுதான், பேர் மட்டும் நார்வே பேர். 1948ல ஒலிம்பிக்ஸ்ல தனி மெடலும் வந்துருச்சு.

சோன்ட்ரே இதெல்லாம் பாக்கல. 1884ல அமெரிக்கா போயிட்டாரு, 1897ல நார்த் டகோட்டாவுல செத்துப்போனாரு. மலையே இல்லாத சமவெளிங்க அது, அதை நெனச்சாதான் எனக்கு மனசு கனக்குது.

1952 ஆஸ்லோ ஒலிம்பிக்ஸுக்கு தீபத்த எங்க ஏத்தினாங்க தெரியுமா, மோர்கெடால்ல அவர் பொறந்த அந்தச் சின்ன வீட்டு அடுப்புல. அங்கேர்ந்து ஸ்கீயிலயே கைமாத்தி கைமாத்தி ஆஸ்லோ கொண்டு போனாங்க. அந்த வருஷம்தான் கம்புகள இன்னும் தள்ளித் தள்ளி நட்டு வைக்கிற ஜெயன்ட் ஸ்லாலம் ஒலிம்பிக்ஸ்ல மொதல் தடவையா வந்துச்சு, ஆம்பளைங்க போட்டில தங்கம் வாங்கினது ஸ்டெய்ன் எரிக்சன், நார்வேக்காரர்.